மாட்டுங்காவில் எண்பது வயது தாண்டிய ஃப்ளாட் வாங்குவது எப்படி

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், 1939இல் கட்டிய மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றில், இரண்டாவது மாடி ஃப்ளாட்டை 2023இல் வாங்கினேன். தேட ஆரம்பித்த நாளிலிருந்து சாவி கைக்கு வரப் பதினான்கு மாதம். அதில் இந்த ஃப்ளாட்டுக்கு ஆனது ஐந்து மாதம்தான். மீதி ஒன்பது மாதம், வாங்கவே கூடாத வேறொரு வீட்டின் பின்னால் அலைந்தேன். அந்த ஒன்பது மாதமும், கூடவே போன ஐம்பதாயிரம் ரூபாயும் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மாட்டுங்கா ஏன் என்று மும்பைத் தமிழர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. பஜன சமாஜம், ஆஸ்திக சமாஜம், எஸ்.ஐ.இ.எஸ். பள்ளி, சேப்பங்கிழங்கும் வாழையிலையும் கிடைக்கிற மார்க்கெட், மூன்று ரயில் பாதைகளுக்கும் எட்டுகிற தூரம். ஆனால் இங்கே பழைய ஃப்ளாட் வாங்குவதும் தாணேயில் புது ஃப்ளாட் வாங்குவதும் ஒன்றல்ல. புது ஃப்ளாட்டில் ஒரு பில்டரை நம்பினால் போதும். பழைய ஃப்ளாட்டில் விற்பவர், ஃப்ளாட்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சொசைட்டி, நிலத்துக்காரர், மாநகராட்சி என நாலு பேருடைய காகிதமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். தாதர் இந்து காலனி, ஃபைவ் கார்டன்ஸ், சயான் பக்கம் தேடுகிறவர்களுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

1. பகடியா, ஓனர்ஷிப்பா என்று முதலில் கேளுங்கள்

வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்னால், போனிலேயே கேட்டுவிடுங்கள். தமிழில் பகடி என்றால் கேலி. மும்பையிலும் கிட்டத்தட்ட அப்படித்தான், தெரியாமல் வாங்கினால்.

பகடி வீட்டில் நீங்கள் உரிமையாளர் இல்லை, வாடகைதாரர். பெரிய தொகை ஒன்றைக் கொடுத்து உள்ளே வருவீர்கள். அப்புறம் மாதம் சில நூறு ரூபாய் வாடகை. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உங்களைப் பாதுகாக்கும், எளிதில் வெளியேற்ற முடியாது. ஆனால் கட்டிடமும் நிலமும் வீட்டுச் சொந்தக்காரருடையவை. வாடகை உரிமையை இன்னொருவருக்கு மாற்றும்போது சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும், அவருக்கு ஒரு பங்கும் கொடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்பது நடைமுறை வழக்கம். வங்கிகள் பொதுவாக இதற்கு வீட்டுக்கடன் தருவதில்லை.

என் முதல் அலைச்சல் இதில்தான். 'ஓனர்ஷிப் மாதிரிதான் மேடம்' என்றார் புரோக்கர். அந்த 'மாதிரி'யை நான் கவனிக்கவில்லை. விலையும் அக்கம்பக்கத்தைவிட நன்றாகக் குறைவு. அதிர்ஷ்டம் என்று நினைத்து இரண்டு லட்சம் டோக்கன் முன்பணம் கொடுத்தேன். வங்கி காகிதம் கேட்டபோது விற்பவர் நீட்டியது வாடகை ரசீது. சொந்தக்காரர் குடும்பத்தில் மூன்று பேர், ஒருவருக்கொருவர் வழக்கு, யார் கையெழுத்துப் போடுவது என்று அவர்களுக்கே தெளிவில்லை. இன்றைக்கு ஆகும், நாளைக்கு ஆகும் என்று ஒன்பது மாதம் இழுத்து, கடைசியில் ஒன்றரை லட்சம்தான் திரும்பி வந்தது.

கண்டுபிடிப்பது சுலபம். சொசைட்டி தன் உறுப்பினருக்குத் தருகிற ஷேர் சர்ட்டிஃபிகேட்டும் மெயின்டனன்ஸ் பில்லும் காட்டினால் ஓனர்ஷிப். வாடகை ரசீது காட்டினால் பகடி. இரண்டும் இல்லாமல் 'எல்லாம் இருக்கு, அப்புறம் தரேன்' என்றால் கிளம்பிவிடுங்கள்.

பகடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் முழுப் பணமும் இருந்து, கட்டிடம் மறுகட்டுமானத்துக்குப் போகும் வாய்ப்பும் இருந்தால், கணக்குப் போட்டே சிலர் வாங்குகிறார்கள். செஸ் என்கிற பழுதுபார்ப்பு வரி கட்டுகிற பழைய கட்டிடங்கள் மறுகட்டுமானமாகும்போது வாடகைதாரருக்கும் வீடு உண்டு, குறைந்தது 300 சதுர அடி. அப்படி வாங்குவதானால் வாடகை ஒப்பந்தத்தில் சொந்தக்காரரே கையெழுத்திட்டு அது பதிவாக வேண்டும், ரசீது உங்கள் பெயருக்கு மாற வேண்டும். விற்பவர் தருகிற பவர் பத்திரத்தை மட்டும் நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இனி சொல்வதெல்லாம் ஓனர்ஷிப் ஃப்ளாட்டுக்கு.

2. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

ஃப்ளாட் விற்பவருடையதாக இருக்கலாம். கட்டிடம் நிற்கிற மண் யாருடையது? சொசைட்டி செயலாளரிடம் நில அளவை எண்ணான சி.எஸ். எண்ணைக் கேட்டு வாங்கி, நில உரிமையைக் காட்டும் பிராப்பர்ட்டி கார்டை எடுத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று வரும்.

சொசைட்டி பெயரே இருந்தால் நிம்மதி. பழைய சொந்தக்காரர் அல்லது பில்டர் பெயர் இருந்தால், நில உரிமையைச் சொசைட்டிக்கு எழுதிக் கொடுக்கும் கன்வேயன்ஸ் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். அதற்காக வாங்கவே கூடாது என்பதில்லை. கூட்டுறவுத் துறையின் மாவட்டத் துணைப் பதிவாளரிடம் விண்ணப்பித்து, உரிமை மாறியதாகவே கொள்ளும் 'டீம்டு கன்வேயன்ஸ்' வாங்க வழி இருக்கிறது. சொசைட்டி அதற்கு விண்ணப்பித்திருக்கிறதா என்று கேளுங்கள். 'பார்த்துக்கலாம்' என்ற பதில் வந்தால் அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

மாட்டுங்காவில் அடிக்கடி வருவது மூன்றாவது வகை. இந்தப் பகுதியை, வெள்ளைக்காரர் காலத்து நகர மேம்பாட்டு அமைப்பான இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் மனை போட்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. அந்த நிலங்கள் பிறகு மாநகராட்சியிடம் வந்து சேர்ந்தன. ஆகவே பல மனைகள் இன்றும் மாநகராட்சிக் குத்தகை. குத்தகைக் காலம் 99 ஆண்டா, 999 ஆண்டா, எப்போது முடிகிறது, புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, ஃப்ளாட் கைமாறும்போது மாநகராட்சியின் எஸ்டேட் துறை அனுமதியும் கட்டணமும் உண்டா என்பதையெல்லாம் குத்தகைப் பத்திரத்தின் நகலைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். செயலாளர் வாய்மொழியாகச் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் செயலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்தப் பத்திரத்தை அவர் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை.

3. கட்டிடத்துக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

மொசைக் தரை, பர்மா தேக்குக் கதவு, பதினோரு அடி உயரக் கூரை, வளைந்த பால்கனி. உள்ளே நுழைந்ததும் மனசு மயங்கிவிடும். மயங்குங்கள், ஆனால் இரண்டாவது முறை போகும்போது ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குக் கொடுக்கிற சில ஆயிரம் ரூபாய், இந்த மொத்தச் செலவில் எனக்கு மிகவும் பயன்பட்ட பணம்.

முதலில் சொசைட்டியிடம் ஸ்ட்ரக்சுரல் ஆடிட் அறிக்கை கேளுங்கள். முப்பது வயதைத் தாண்டிய கட்டிடங்கள் பதிவுபெற்ற இன்ஜினியரிடம் உறுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது மாநகராட்சிச் சட்டம். சொசைட்டிகளுக்கென்று அரசு வகுத்த மாதிரி துணைவிதிகளின்படி அந்த வயதுக் கட்டிடத்துக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட். அறிக்கையில் சி1, சி2ஏ, சி2பி, சி3 என்று ஏதாவது ஒரு வகை இருக்கும். சி1 என்றால் உடனே காலிசெய்து இடிக்க வேண்டியது. வாங்காதீர்கள். சி2ஏ என்றால் ஒரு பகுதியை இடித்துப் பெரிய அளவில் பழுதுபார்க்க வேண்டும், சி2பி என்றால் ஆட்களை வெளியேற்றாமலே பழுதுபார்க்கலாம். சி3 என்றால் சின்னப் பழுதுதான். பெரும்பாலான பழைய கட்டிடங்கள் சி2ஏ, சி2பி இரண்டில்தான் இருக்கும். அந்தப் பழுதுக்கு மதிப்பீடு எவ்வளவு, உங்கள் ஃப்ளாட்டின் பங்கு எவ்வளவு, விற்பவர் அதைக் கட்டிவிட்டாரா? இதை எழுத்தில் வாங்குங்கள். நான் கேட்டபோது விற்பவர் பங்கில் 3 லட்சத்து 40 ஆயிரம் பாக்கி இருந்தது தெரியவந்தது. அதை விலையில் கழித்துக்கொண்டோம். கேட்காமல் வாங்கியிருந்தால் முதல் மெயின்டனன்ஸ் பில்லோடு சேர்ந்து என் தலையில் விழுந்திருக்கும்.

இன்ஜினியர் பார்க்கும்போது நீங்களும் கூடவே நின்று சில இடங்களைப் பாருங்கள்: குளியலறைக்கு நேர் கீழ்வீட்டுக் கூரை, பால்கனி அடிப்பக்கம், மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே இருக்கிற தூண்கள், கட்டிடத்தின் பின்பக்கம் போகிற வார்ப்பிரும்புக் குழாய்கள். இரும்பு உத்தரங்கள் மேல் தளம் போட்ட கட்டிடமானால், உப்புக் காற்றில் உத்தரம் துருப்பிடித்து உப்பியிருக்கிறதா என்பது முக்கியம். கூரையில் நேர்க்கோடாக ஓடும் விரிசல் அதைக் காட்டிக்கொடுக்கும். புதிதாக ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

முடிந்தால் ஜூலையில் ஒரு கனமழை நாளில் போய்ப் பாருங்கள். கசிவும் தெரியும், கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதும் தெரியும். தரைத்தளம் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள். கட்டிடமோ அந்த வட்டாரமோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் முகப்பை மாற்றுவதற்கும் மறுகட்டுமானத்துக்கும் மும்பை பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி தேவைப்படலாம். அடுத்தது, மறுகட்டுமானப் பேச்சு எந்த நிலையில் இருக்கிறது? கடைசி மூன்று ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகளை வாங்கிப் படியுங்கள். பில்டரோடு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால் நீங்கள் வாங்குவது இந்த மொசைக் தரையை அல்ல, எப்போதோ வரப்போகிற ஒரு கோபுரத்தின் பதினாலாவது மாடியை. சிலருக்கு அதுதான் வேண்டும். எனக்கு வேண்டாம்.

4. காகிதங்கள்

வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் மும்பைத் தீவுப் பகுதிச் சொத்துகளைப் பார்த்துப் பழகியவராக. புரோக்கர் சிபாரிசு செய்கிற வக்கீல் வேண்டாம். விற்பவரிடமிருந்து கேட்க வேண்டியவை:

- ஷேர் சர்ட்டிஃபிகேட், அசல். பின்பக்கத்தில் ஒவ்வொரு பெயர்மாற்றமும் எழுதி முத்திரையிட்டிருக்கும். அந்த வரிசையும் பத்திர வரிசையும் ஒத்துப்போக வேண்டும்.
- இதற்கு முந்தைய எல்லா விற்பனை ஒப்பந்தங்களும், பதிவு ரசீதும் பதிவின் சுருக்கமான இன்டெக்ஸ் டூவும் சேர்த்து.
- கடைசி மெயின்டனன்ஸ் பில், சொத்துவரி ரசீது, பெஸ்ட் நிறுவனத்தின் மின்கட்டண பில்.
- சொசைட்டியின் பாக்கியின்மைச் சான்றும், ஆட்சேபம் இல்லை என்கிற என்.ஓ.சி.யும்.
- கட்டிட வரைபடம்.

இந்தப் பட்டியலின் இரண்டாவது வரியில்தான் பழைய ஃப்ளாட்டுகள் மாட்டிக்கொள்ளும். 1985 டிசம்பர் 10க்கு முந்தைய விற்பனை ஒப்பந்தங்களுக்கு இன்றுள்ள மாதிரி முத்திரைத் தீர்வை கிடையாது. ஆகவே 1978இல் பத்து ரூபாய்த் தாளில் எழுதிக் கைமாறிய ஃப்ளாட் என்றால் பயப்பட வேண்டாம். அந்தத் தேதிக்குப் பிறகு எழுதிய ஒப்பந்தத்துக்குத் தீர்வை குறைவாகக் கட்டியிருந்தால், குறைந்த தொகையோடு மாதம் 2 விழுக்காடு அபராதமும் சேரும். எங்கள் ஃப்ளாட்டின் பத்திர வரிசையில் 1991இல் ஒரு கைமாற்றம் பதிவாகாமலே கிடந்தது. அதைத் தீர்வை கட்டி ஒழுங்குபடுத்தும் செலவு விற்பவருடையது என்று டோக்கன் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டோம். எழுதாமல் விட்டிருந்தால் அது உங்கள் பிரச்சினை, ஏனென்றால் அவசரம் உங்களுக்குத்தான்.

அடுத்த குழி, இறந்தவர் பெயரில் இருக்கிற சர்ட்டிஃபிகேட். பாட்டி இறந்துவிட்டார், நாமினியாக மூத்த மகன் பெயர், அவர் விற்கிறார் என்பார்கள். சொசைட்டி நாமினி பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் நாமினி என்றால் வாரிசு என்று அர்த்தமல்ல, மற்ற பிள்ளைகளின் பங்கு அப்படியே இருக்கும். எல்லா வாரிசுகளும் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் பதிவுசெய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். உயில் இருக்கிறது என்றால் அதற்கு நீதிமன்றச் சான்றான புரொபேட் வாங்கினார்களா என்று வக்கீல் பார்ப்பார். நான் வாங்கிய சமயத்தில் மும்பையில் அது கட்டாயமாக இருந்தது.

எங்கள் விற்பவர்கள் அண்ணன், தம்பி, தங்கை. தங்கை அமெரிக்காவில். அவர் அங்கிருந்து அனுப்பிய பவர் பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும் என்பது வக்கீல் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

வரைபடம் கிடைக்காது. 1939 கட்டிடத்துக்கு யாரிடமும் இருக்காது. அப்போது பழைய சொத்துவரிப் பதிவின் நகலை மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு வார்டு. குடியிருப்புக் கட்டிடங்களுக்கு 1964 ஏப்ரல் 17 என்பது எல்லைக்கோடு. அதற்கு முன்பே இருந்த கட்டுமானம் என்று காட்டினால் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். விற்பவர் பிற்காலத்தில் பால்கனியை அடைத்து அறையாக்கியிருந்தால் அது இந்தக் கணக்கில் வராது. அந்த அறைக்குச் சதுர அடி விலை கொடுக்காதீர்கள்.

இதோடு முப்பது ஆண்டுப் பதிவுத் தேடல், அதாவது சர்ச். சார்பதிவாளர் அலுவலகப் பதிவுகளைத் தேடுகிறவர்கள் தருகிற அறிக்கையில் பல ஆண்டுகளுக்கு நேரே 'பக்கங்கள் கிழிந்துள்ளன' என்று இருக்கும். முதல்முறை பார்த்து நான் பதறினேன். பழைய புத்தகங்களின் நிலைமை அப்படி. அதனால்தான் இரண்டு செய்தித்தாள்களில், ஒன்று ஆங்கிலம், ஒன்று மராத்தி, பொது அறிவிப்பு கொடுத்து 14 நாள் காத்திருப்பது. யாரும் ஆட்சேபிக்கவில்லை என்று வக்கீல் எழுதிக் கொடுத்த பிறகே பெரிய பணத்தை நகர்த்துங்கள்.

5. விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்?

இரண்டு கோடி ரூபாய் ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம்.

முத்திரைத் தீர்வை, மெட்ரோ கூடுதல் வரியும் சேர்த்து மும்பையில் 6 விழுக்காடு, அதாவது 12 லட்சம். பெண் பெயரில் மட்டும் வாங்கினால் 5 விழுக்காடு, 10 லட்சம். கணவர் பெயரையும் சேர்த்தால் அந்தச் சலுகை போய்விடும். நாங்கள் என் பெயரில் மட்டும் வாங்கியதற்கு இதுதான் காரணம், என் வீட்டுக்காரர் இன்றுவரை இதைச் சொல்லிக் காட்டுகிறார். பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு, ஆனால் உச்சவரம்பு 30,000 ரூபாய். புரோக்கருக்கு 1 முதல் 2 விழுக்காடு. வக்கீல், சர்ச், அறிவிப்பு எல்லாம் தனி.

தீர்வையை ஒப்பந்த விலையில் போடுவார்களா, அரசின் வழிகாட்டி மதிப்பான ரெடி ரெக்னரிலா? எது அதிகமோ அதில். பழைய கட்டிடத்துக்கு வயதுக்கேற்பத் தேய்மானக் கழிவு உண்டு. கணக்குப் போடுபவர் அதைச் சேர்த்தாரா என்று பாருங்கள், அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடுகள் ரெடி ரெக்னருக்குக் கீழேயே விலை போவதுண்டு. வித்தியாசம் 10 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த வித்தியாசத்துக்கு வாங்குகிற நீங்கள் வருமான வரி கட்ட வேண்டிவரும்.

50 லட்சமும் அதற்கு மேலும் போகிற சொத்துக்கு, விலையில் 1 விழுக்காட்டைப் பிடித்து நீங்களே வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். விலைக்கு மேல் கூடுதலாக அல்ல, விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்து. விற்பவர்கள் மூன்று பேர், வாங்குபவர்கள் இரண்டு பேர் என்றால், நான் வாங்கிய சமயத்தில் ஆறு படிவம். பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள். விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பவரானால் அவர் பங்குக்கு இந்த 1 விழுக்காடு செல்லாது, பிடித்தம் பல மடங்கு அதிகம். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை அவர்தான் வரித் துறையிடம் வாங்கித் தர வேண்டும். எங்கள் அமெரிக்கத் தங்கைக்கு அது வர ஆறு வாரம் ஆயிற்று. இதற்காகவே ஒரு ஆடிட்டரைப் பிடியுங்கள்.

'கொஞ்சம் கேஷாக...' என்று கேட்பார்கள். மாட்டோம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பேச்சு சுருங்கும். சொத்துக்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ விற்பவர் ரொக்கமாக வாங்கினால் அபராதம் அவருக்குத்தான். அதை அவருக்கே நினைவூட்டுங்கள்.

6. வங்கிக் கடன்

75 லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு, சொத்து மதிப்பில் 75 விழுக்காடு. தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. இது பொது விதி. பழைய கட்டிடத்தில் வங்கி மதிப்பீட்டாளர் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும் என்று ஒரு எண் எழுதுவார், கடன் காலம் அதற்குள் முடிய வேண்டும். இருபது ஆண்டு கேட்டுப் போன எனக்குப் பன்னிரண்டு ஆண்டுதான் கிடைத்தது. மாதத் தவணை எகிறிவிட்டது. இரண்டு வங்கிகள் கட்டிடத்தின் வயதைக் கேட்டதுமே கோப்பை மூடிவிட்டன.

ஆகவே டோக்கன் கொடுப்பதற்கு முன்பே, கட்டிடத்தின் பெயரைச் சொல்லி, இதே கட்டிடத்தில் முன்பு கடன் கொடுத்திருக்கிறீர்களா என்று வங்கியில் கேளுங்கள். சொசைட்டி செயலாளரிடமும் கேட்கலாம். எந்தெந்த ஃப்ளாட் எந்த வங்கியில் அடமானம் என்ற குறிப்பு அவரிடம் இருக்கும். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த வங்கி உங்களுக்கும் கொடுக்க வாய்ப்பு அதிகம்.

7. எது முதலில், எது பிறகு

எங்களுக்கு நடந்த வரிசை இது. டோக்கன் ஒரு லட்சம், கூடவே ஒரு பக்கக் கடிதம். காகிதத்தில் குறை இருந்தாலோ வங்கி மறுத்தாலோ முழுத்தொகையும் 15 நாளில் திரும்ப வரும் என்று அதில் இருந்தது. முதல் அனுபவத்தில் கற்றது. அடுத்த மூன்று வாரம் சர்ச், அறிவிப்பு. அதே சமயம் வங்கி மதிப்பீடு. சொசைட்டி என்.ஓ.சி.க்கு மாதம் ஒருமுறை கூடுகிற கமிட்டி. அது நவராத்திரிக்குத் தள்ளிப்போனதில் ஒரு மாதம் வீண். செயலாளரிடம் கூட்டத் தேதி கேட்டு அதற்கு ஒரு வாரம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

அப்புறம் விற்பனை ஒப்பந்தம். மும்பையில் முழுத் தீர்வையும் இந்த ஒப்பந்தத்துக்கே கட்டிவிடுவார்கள். இணையத்தில் செலான் எடுத்துப் பணம் கட்டி, சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரம் வாங்கிப் போக வேண்டும். கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவாக வேண்டும். எல்லோருடைய பான், ஆதார் அசல், இரண்டு சாட்சிகள். எங்களுக்குக் காலை பதினோரு மணிக்கு நேரம் கொடுத்துப் பிற்பகல் மூன்றுக்குக் கூப்பிட்டார்கள். எண்பது வயது அண்ணனின் கைரேகை இயந்திரத்தில் விழவே இல்லை, அதில் இன்னொரு மணி நேரம். வயதானவர்கள் வந்தால் பிஸ்கட்டும் தண்ணீரும் கொண்டுபோங்கள்.

வங்கிப் பணம் விற்பவருக்குப் போய்ச் சேர்ந்த அன்றே சாவி, உடைமைக் கடிதம், அசல் காகிதங்கள் எல்லாம் கைமாற வேண்டும். 'பாத்திரம் பண்டமெல்லாம் அடுத்த வாரம் எடுத்துக்கிறோம்' என்றால் கடைசிக் காசோலையும் அடுத்த வாரம்தான்.

8. சொசைட்டியில் பெயர் மாற்றம்

பதிவோடு வேலை முடியவில்லை. ஷேர் சர்ட்டிஃபிகேட்டில் உங்கள் பெயர் ஏறினால்தான் நீங்கள் உறுப்பினர். மாதிரி துணைவிதிகளின்படி மாற்றக் கட்டணம் 500 ரூபாய், நுழைவுக் கட்டணம் 100 ரூபாய், பிரீமியம் அதிகபட்சம் 25,000 ரூபாய். அதற்கு மேல் கேட்க முடியாது. கேட்பார்கள். 'பில்டிங் ஃபண்டுக்கு நன்கொடை', 'லிஃப்ட் ஃபண்ட்' என்று பெயர் மாறும். எங்களிடம் இரண்டு லட்சம் என்றார்கள். நான் சண்டை போடவில்லை. எந்தத் துணைவிதியின் கீழ் என்று எழுத்தில் கேட்டேன், அவ்வளவுதான். 25,000 ரூபாய்க்கு ரசீது வந்தது. விண்ணப்பம் கொடுத்த மூன்று மாதத்துக்குள் சொசைட்டி முடிவு சொல்ல வேண்டும். ஆகவே கொடுத்த தேதியோடு முத்திரையிட்ட நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பெஸ்ட் மின் இணைப்பு, குழாய் எரிவாயு, சொத்துவரி ஆகியவற்றின் பெயர் மாற்றத்துக்கு இன்டெக்ஸ் டூ நகலும் சொசைட்டிக் கடிதமும் போதும். சுவர்களுக்கு உள்ளே இருக்கிற கார்ப்பெட் பரப்பு 500 சதுர அடிக்குள் இருந்தால் 2022இலிருந்து சொத்துவரி விலக்கு உண்டு, விற்பவர் பில்லிலேயே அது தெரியும்.

9. குடிபோவதற்கு முன்

உள்வேலைக்குச் சொசைட்டி அனுமதியும் வைப்புத்தொகையும் வேண்டும். பழைய கட்டிடத்தில் எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. அடுக்களையைப் பெரிதாக்கச் சுவரைத் தட்டுவதற்கு முன் அதே இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். மின்வயர் முழுவதையும் மாற்றிவிடுங்கள், ஏ.சி.க்கெல்லாம் அந்தக் காலத்து வயர் தாங்காது. மாநகராட்சித் தண்ணீர் நாளுக்குச் சில மணி நேரம்தான், எத்தனை மணிக்கு என்று கீழ்வீட்டில் கேட்டு, உள்ளே ஒரு தொட்டி வைத்துக்கொள்ளுங்கள். மொசைக் தரையின் மேல் டைல்ஸ் ஒட்டச் சொல்லி மேஸ்திரி வற்புறுத்துவார். பாலிஷ் போட்டால் போதும், செலவும் பாதிகூட ஆகாது.

லிஃப்ட் இல்லாத கட்டிடமானால் மாடிப்படியின் அகலத்தையும் திருப்பத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டு ஃபர்னிச்சர் வாங்குங்கள். எங்கள் மாமியாரின் காரைக்குடி பீரோ முதல் மாடித் திருப்பத்தில் சிக்கி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றினோம். நான்கு ஆள், 3,500 ரூபாய்.